ஆடிக் கூழின் வாசனை

ஆடி, இரண்டாம் ஞாயிறு

பெரியபாளையம் போகிற வண்டிகள் விடிகாலை மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டன. வேன், ஷேர் ஆட்டோ, கால்நடையாய் ஒரு கூட்டம். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலைக் கொத்து. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலிலும் இன்று கூழ். நேற்றே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய் வேகவிட்டு, பெரிய அண்டாவில் சவுக்கு விறகு தள்ளிக் காய்ச்சினார்கள். துடுப்புப் போட்ட பையன்களுக்குப் புகையில் கண் சிவந்துவிட்டது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். சிங்கப்பூரிலிருந்து நேற்று இறங்கியவன். விமான நிலையக் கடையில் வாங்கிய புட்டி ஒன்றை மேசையில் வைத்தான். பால் ஜான் போல்ட். கோவாவில் கன்கோலிம் என்ற ஊரில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கி. சாராயச் செறிவு 46 சதவீதம்.

"மாமா, இது புகை நெடி அடிக்கும். புடிக்கலன்னா என்னைத் திட்டக் கூடாது."

இருவரும் முப்பது மில்லி ஊற்றிக்கொண்டோம். குடிப்பதற்கு முன்பே மூக்கில் ஏறிவிட்டது. நோட்டில் முதலில் "ஆஸ்பத்திரி" என்று எழுதினேன். அதை அடித்து "செங்கல் சூளை" என்று எழுதினேன். அதுவும் முழுச் சரியில்லை. சூளைப் புகையில் மண் வேகும் வாடை உண்டு, இதில் அது இல்லை. அப்போது அம்மா தண்ணீர் எடுக்க வந்தாள். குடிக்கிறவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள். வாசலருகே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடா, கூழ் அண்டாவ இங்கயா கொண்டாந்து கழுவறாங்க?"

என் கோப்பையை நீட்டினேன். வாங்கவில்லை. தலையை மட்டும் சாய்த்து மோந்துவிட்டு, "அதே வாசனதான். அடிப்புடிச்ச கூழு" என்றாள்.

நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டேன்.

*

திங்கள்

அம்மா சொன்னதைப் பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் மோப்பத்தால் கண்டதற்கு அடியில் செய்முறையே இருக்கிறது.

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் உலர்த்தி, வறுத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோமே, அதுதான். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தயார் செய்துகொள்கிறது. முளை நீண்டுவிட்டால் அந்தச் சர்க்கரையைச் செடியே தின்றுவிடும். ஆகவே சரியான நாளில் சூடு காட்டி முளையை நிறுத்த வேண்டும். ராகி மால்ட் செய்கிற எல்லா அம்மாக்களுக்கும் இந்த நாள் கணக்கு தெரியும்.

ஸ்காட்லாந்தின் மேற்கே விஸ்கி வடிக்கும் ஐலா தீவில் அந்தச் சூட்டுக்கு விறகு கிடைக்காது. சதுப்பைத் தோண்டினால் பீட் கிடைக்கும். பாசியும் புல்லும் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், அரைகுறையாக மக்கிக் கறுத்த மண். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அந்த நிலையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடந்து வந்தது. பீட்டை வெட்டிக் காயவைத்து எரித்தால் அடர்ந்த புகை வரும். ஈரமான பார்லி முளை அந்தப் புகையைக் குடித்துக்கொள்ளும். புகையில் இருக்கும் பீனால், கிரெசால், குவாயகால் எல்லாம் உமியில் ஒட்டிக்கொண்டு, நொதித்தலையும் வடித்தலையும் தாண்டிக் கோப்பை வரை வருகின்றன.

ஆக, அது புளிக்க வைத்த முளைத் தானியமும் புகையும். ஆடிக் கூழும் புளிக்க வைத்த தானியமும் புகையும். அம்மா ஒரு மோப்பில் சொன்னது அவ்வளவும் இதில் அடக்கம்.

"ஆஸ்பத்திரி" என்று நான் எழுதியதும் வீணில்லை. கார்பாலிக் அமிலம் என்பது பீனால்தான். பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் வாசனை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுவை அறைகளில் ஜோசப் லிஸ்டர் 1860களில் கிருமி கொல்லப் பயன்படுத்தியதும் அதுவே.

*

வாசனைக்கு நம்மிடம் இருக்கிற சொற்களை ராத்திரி எழுதிப் பார்த்தேன். மணம், வாசம், நெடி, கமறல், காந்தல், கருகல், வீச்சம், கவிச்சி, முடை, மொச்சை, மக்கல். ஒவ்வொன்றும் வேறு. மிளகாய் வறுத்தால் வருவது நெடி, அது தொண்டையைப் பிடித்தால் கமறல். சோறு அடிப்பிடித்தால் காந்தல். நனைந்த வைக்கோல் போரைப் பிரித்தால் மக்கல். மீன் கழுவிய கை கவிச்சி.

இந்த போல்ட்டில் முதலில் வருவது காந்தல். பிறகு தேன். மச்சினன் பேரீச்சம்பழம் என்றான், நான் கருப்பட்டி என்றேன். இரண்டும் பொருந்தும். வாயில் வைத்ததும் எண்ணெய்ப் பசை. நடுவில் மிளகு. விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய கமறல் நின்று, ஐந்து நிமிஷம் கழித்து, குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டிய அறையாக மாறுகிறது. நான் இதை விரும்பிச் சொல்கிறேன். என் மகள் பிறந்த மாதம் அந்த அறையில்தான் நான் அதிகம் இருந்தேன்.

விஸ்கி எழுத்தாளர்கள் கடற்பாசி, கப்பல் தார்க் கயிறு, கடற்கரை நெருப்பு என்று எழுதுவார்கள். அவர்கள் வளர்ந்த கரை அது. பழவேற்காட்டுக் கருவாட்டுக் கூடையைப் பஸ்ஸில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவனுக்குக் கடலும் உப்பும் புகையும் வேறு உருவத்தில் வருகின்றன. அந்த உருவத்தை எழுதுவதுதான் நேர்மையான குறிப்பு என்று நினைக்கிறேன்.

*

புதன். ஷிப்ட் முடிந்து வந்ததும்

தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மண்பானைத் தண்ணீர் கூடாது, பானையின் மண்வாசம் கலந்துவிடும். காய்ச்சி ஆறவைத்தது, ஒரு தேக்கரண்டி.

புகை கூடியது. தண்ணீர் கலந்தால் குறைய வேண்டியது எப்படிக் கூடுகிறது? ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017இல் கணினி வழியாக இதை ஆராய்ந்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால், சாராயச் செறிவு 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் சேர்கிறது. நீர்க்க நீர்க்க அங்கே இன்னும் அதிகம் கூடுகிறது. செறிவு 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு வரும். ரசத்தில் கடைசியாகத் தாளிப்பைக் கொட்டி மூடுகிறவர்களுக்கு மேற்பரப்பின் அருமை தெரியும்.

ஊருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது. ஆந்திராவின் கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயின்ட் எங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கத்தில்தான். 1983இல் ஒப்பந்தம், 1996இல் முதல் தண்ணீர். எல்லையில் அளந்து வாங்கிய தண்ணீர் பூண்டிக்குப் போய்ச் சென்னை குடிக்கிறது.

*

புட்டியில் வயது போடவில்லை. இந்திய மால்ட்டுகளில் பெரும்பாலும் போடுவதில்லை. காரணம் வெயில்.

பீப்பாய்க் கட்டைக்குள் புகுந்து வெளிவரும் சாராயத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் ஆவியாகிவிடும். தேவதைகளின் பங்கு என்று தொழிலில் பெயர். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதத்தைத் தாண்டும், கோவாவில் ஏறத்தாழ 8. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 லிட்டர் பீப்பாய் ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு ஆண்டு கழித்து 157 லிட்டராக இருக்கும். 10 சதவீதம் போகிற ஊரில் 56 லிட்டர்தான் மிஞ்சும். அதே வெயில் மரத்தின் சாரத்தையும் வேகமாக இழுத்துக் கொடுக்கிறது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் எட்டு ஆண்டு வைத்திருந்த ஒன்றை 2013இல் வெளியிட்டபோது அதற்குப் 'பேராசைத் தேவதைகள்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள்.

ஊத்துக்கோட்டையில் ஒரு பீப்பாய் வைத்தால்? மே மாதம் திருத்தணிப் பக்கம் 42 டிகிரி சாதாரணம். பாதாளத்தில் அறை தோண்டினால்தான் பிழைக்கும்.

இங்கே இளசு என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காட்ச் என்று சொல்ல மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பன்னிரண்டு, பதினெட்டு என்று எண் கூடக் கூட விலையும் மதிப்பும் கூடும். நம் சமையலில் அப்படி ஒரே திசையில் மதிப்பு ஏறுவதில்லை. வெண்டை இளசாக இருக்க வேண்டும், பூசணி முத்த வேண்டும். நுங்கும் பனம்பழமும் ஒரே மரத்துக் காய், இரண்டுக்கும் தனித்தனி ஆள் உண்டு.

புகை ஏற்றிய மால்ட் நுங்கைச் சேர்ந்தது என்பது என் முடிவு. பீப்பாயில் ஆண்டுகள் போகப் போக மரம் மேலேறும், புகை பின்வாங்கும். இருபத்தைந்து ஆண்டு கிடந்ததில் புகை ஒரு நினைவாகத்தான் இருக்கும். அதற்கும் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புகை தன் முழுக் குரலில் பேசுவது இளமையில். ஐலாவில் 124 ஆண்டுகளுக்குப் பிறகு 2005இல் புதிதாக எழுந்தது கில்ஹோமன் வடிசாலை. ஒரு பண்ணையில் ஆண்டனி வில்ஸ் தொடங்கியது. 2009இல் மூன்று வயதுச் சரக்கை அவர்கள் முதல் முதலாக வெளியே விட்டார்கள். இளசு என்று யாரும் ஒதுக்கவில்லை. அந்த மூன்று வயதுப் புகையால்தான் உலகம் அவர்களைத் தெரிந்துகொண்டது.

இளசில் குறையும் வரும். பச்சைத் தானிய வாடை, ரப்பர் வாடை. ரப்பருக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். செம்புக் கொதிகலன் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பீப்பாயின் உள்ளே கருக்கிய கரிப்படலம் மிச்சத்தை உறிஞ்சும். செம்பும் கரியும் சரியாக வேலை செய்ததா என்று இளம் விஸ்கியில்தான் கண்டுபிடிக்க முடியும். இந்தப் புட்டியில் செய்திருக்கிறது. டயர் செய்கிற தேர்வாய் கண்டிகைப் பக்கம் தினமும் வண்டி ஓட்டுகிறவன் நான், ரப்பர் வாடை துளி இருந்தாலும் என் மூக்குக்குத் தப்பாது.

*

வெள்ளி

மச்சினன் கேட்டான்: "நம்ம ஊர்ல விக்கிறதும் விஸ்கிதானே மாமா?"

நம் கடைகளில் விஸ்கி என்ற பெயரில் போவதில் பெரும்பகுதி, மொலாசஸிலோ தானியத்திலோ எடுத்த, வாசமே இல்லாத சாராயம். அதில் கொஞ்சம் மால்ட் கலந்திருக்கும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் போனால் மொலாசஸ் வாசனை வருமே, அதுதான் மூலப்பொருள். மொலாசஸில் எடுத்ததை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்று ஏற்பதில்லை. முழுக்க மால்ட் பார்லியில், ஒரே வடிசாலையில் எடுத்தால்தான் சிங்கிள் மால்ட்.

இந்தியாவில் அதை முதலில் உலகத்துக்குக் காட்டியது அம்ருத். 2004 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஸ்காட்லாந்திலேயே, கிளாஸ்கோ நகரில் வெளியிட்டார்கள். புலியின் குகையிலேயே. 2010ஆம் ஆண்டுக்கான தன் கையேட்டில் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே, அம்ருத்தின் ஃப்யூஷனுக்கு 97 மதிப்பெண் போட்டு உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். ஃப்யூஷன் என்பது இந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்தின் புகைப் பார்லியும் சேர்ந்தது. பால் ஜான் 2012இல் வந்தது. பிறகு ராம்பூர், இந்திரி. எல்லாம் வேறு மாநிலங்கள். சென்னையில் 1826இல் மெக்டவல் என்ற கம்பெனி தொடங்கி சாராயமும் சுருட்டும் வணிகம் செய்த சரித்திரம் இருந்தும், தமிழ்நாட்டுப் பெயர் சொல்லும் சிங்கிள் மால்ட் ஒன்றை நான் இன்னும் ருசித்ததில்லை.

பேச்சு கள்ளக்குறிச்சிக்குப் போனது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலி வேலை செய்தவர்கள். அதற்குப் பிறகு இருவரும் அன்று ஊற்றவில்லை. புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டோம்.

*

சனி. மாட்டுக்காரத் தம்பியோடு ஆரணியாற்றங்கரை வரை நடந்தேன். மணல், நடுவில் சிறு ஓட்டம், இரு கரையிலும் சீமைக்கருவேலம்.

பீட் நமக்கும் உண்டு. நீலகிரியில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே உள்ள பள்ளங்களில். ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் அந்த பீட்டை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்து, 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மழை நன்றாகப் பெய்த காலத்தில் ஒருவகைச் செடி, வறண்ட காலத்தில் இன்னொரு வகைப் புல். இரண்டும் கார்பனின் இரு வகைகளை வெவ்வேறு விகிதத்தில் விட்டுச் செல்லும். அதை வைத்து 20,000 ஆண்டுப் பருவமழையின் கணக்கைப் படித்துவிட்டார்கள். பீட் ஒரு மீட்டர் வளரச் சுமார் ஆயிரம் ஆண்டு ஆகும் என்பார்கள். நீலகிரி பீட்டில் ஒரு கட்டியைக்கூட அடுப்பில் வைக்கக் கூடாது. அது நம் மழையின் நாட்குறிப்பு.

இங்கே கோவாக்காரர்கள் போல்ட்டுக்கு ஐலா பீட்டைத்தான் கப்பலில் வரவழைக்கிறார்கள். பார்லி நம் வடநாட்டு ஆறு வரிசைப் பார்லி, புகை தூர தேசத்துப் புகை.

அப்படியென்றால் நம் புகை எது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் என்ற பாலைவன ஊரில், டெல் பாக் என்றொரு விஸ்கி செய்கிறார்கள். பார்லி முளையை உலர்த்த அவர்கள் எரிப்பது மெஸ்கீட் மரம். மெஸ்கீட் யார்? நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஒரே புரோசோபிஸ் பேரினம். நாம் கோர்ட்டு வரை போய் வெட்டச் சொன்ன மரம், ஏரியையும் ஆற்றுப் படுகையையும் அடைத்துக்கொண்ட மரம், கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் சோறு போடுகிற மரம். அதன் உறவுக்கார மரத்தின் புகையில் அங்கே ஒரு ஊர் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறது.

இதை நினைத்தபோது கரையில் அப்படியே நின்றுவிட்டேன். பீட் வெட்டினால் சதுப்பு அழியும். சீமைக்கருவேலம் வெட்டினால் ஆறு மூச்சுவிடும். புகைக்கு வெட்ட வேண்டிய மரம் நம் எதிரிலேயே நிற்கிறது. முளைகட்டத் தெரிந்த கைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. விஸ்கி கூட வேண்டாம், முதலில் முளைகட்டிய கேழ்வரகைச் சீமைக்கருவேலப் புகையில் உலர்த்திப் பார்க்கலாம். காந்தல் எப்படி இருக்கும், இனிப்பு எவ்வளவு தாங்கும், கமறல் எங்கே நிற்கும். இதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன். அவன் ஒரு காய்ந்த கிளையை ஒடித்து மோந்து பார்த்தான். "இது எரிஞ்சா கண்ணு தாங்காதுண்ணா. நல்லா காயணும். ஆறு மாசம் காஞ்சாத்தான் புகை இனிக்கும்" என்றான்.

ஆறு மாதம் என்று எழுதிக்கொண்டேன்.

*

ஞாயிறு, பிரதோஷத்துக்கு மறுநாள்

நேற்று மாலை சுருட்டப்பள்ளி போயிருந்தோம். ஊரைத் தாண்டி ஆந்திர எல்லையில் கால் வைத்தால் கோயில். ஆலகாலம் உண்ட களைப்பில் அம்மை மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார் ஈசன். லிங்கமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சயனக் கோலம் ஒவ்வொரு முறையும் புதிது. கூட்டத்தில் அம்மாவை நெருக்காமல் அழைத்து வருவதிலேயே நேரம் போய்விட்டது.

திரும்பி வந்து மச்சினனுக்காகக் கடைசியாக ஒன்று ஊற்றினேன். அவன் இன்று ராத்திரி கிளம்புகிறான். புட்டி திறந்து எட்டு நாள். காற்றுப் பட்டதில் முதல் நாள் கமறல் அடங்கி, கருப்பட்டி முன்னால் வந்திருக்கிறது. தொட்டுக்கொள்ள அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தாள், கேட்காமலே. புகையும் உப்பும் சேர்ந்ததும் அதுவரை தெரியாத எலுமிச்சைத் தோல் வாசம் ஒன்று எழுந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். இருந்தது.

*

திங்கள் காலை

புகை மால்ட்டின் கடைசிப் பாடம் காலிக் கோப்பையில் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அதனால் ராத்திரி கழுவாமல் வைத்திருந்தேன். சாராயம் முழுக்க ஆவியாகிவிட்டது. அடியில் வட்டமாக ஒரு கறை. மோந்தால் சாம்பல், குளிர்ந்த அடுப்பு, கொஞ்சம் வெல்லம்.

அம்மா அதைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்தவள், கழுவுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனாள்.

"எங்க ஆயா வூட்டு அடுப்பங்கரைடா இது. மழை நாள்ல."

"எந்த விறகும்மா எரிப்பாங்க?"

"வேலிக்காத்தான்தான். வேற இன்னா இருந்துச்சு அப்போ."

வேலிக்காத்தான் என்பது சீமைக்கருவேலத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர். வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த கிளைகளில் கட்டை விரல் பருமன் உள்ளவற்றைப் பொறுக்கி மொட்டை மாடியில் அடுக்கியிருக்கிறேன். தை மாதம் காய்ந்துவிடும்.